கண்ணாடிக் கொட்டகையில் பட்டினி கிடந்த நெல்

எனக்குக் கோவையாக எழுத வராது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைக்கும்தான் படித்தேன். அதற்குப் பிறகு பேனா பிடித்தது கையெழுத்துப் போடத்தான். வயதும் ஆகிவிட்டதால் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பது சில சமயம் பிசகிப்போகிறது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் இதை எழுதாமல் விட மனம் வரவில்லை. நான் கண்ணால் பார்த்தது இது. பார்த்த பிறகு சோற்றுப் பானையைத் திறக்கும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன்.

என் தங்கை மகள் பல்கலைக்கழகத்தில் நெல்லைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். தங்கை வீடு சிம்பாங் அம்பாட்டில். தினமும் கடல் பாலம் தாண்டி இந்தத் தீவுக்கு வந்து போவது கஷ்டம் என்று, பிள்ளை நான்கு வருஷமாக ஜெலுத்தோங்கில் என்னுடைய அடுக்குமாடி வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். நான் தனிக்கட்டை. அவள் வந்த பிறகுதான் வீட்டில் பேச்சுச் சத்தம். அதிலும் பேசுவது பெரும்பாலும் அவள்தான். எனக்குச் சிறு வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். கேட்டுக்கொண்டிருக்கப் பிடிக்கும்.

அவள் முதலில் சொன்ன விஷயத்திலேயே எனக்குத் தலை சுற்றியது. நாம் மூச்சு விடுகிற காற்றில் பெரும்பங்கு நைட்ரஜன்தானாம். பயிர் பச்சையாக வளர்வதற்கும் மணி பிடிப்பதற்கும் அதுதான் வேண்டுமாம். ஆனால் நெல்லால் அதைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாதாம். சுற்றிலும் சாப்பாடு கொட்டிக் கிடக்க, வாய் திறக்கத் தெரியாமல் நிற்கிறது பயிர். அதற்காகத்தான் தொழிற்சாலையில் பெரிய சூட்டிலும் அழுத்தத்திலும் காற்றைப் பிடித்து உரமாக்கி மூட்டையில் கட்டி வயலுக்கு அனுப்புகிறார்கள். அந்த வெள்ளை உரம் காற்றிலிருந்து வந்ததா என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவளும் சலிக்காமல் ஆமாம், ஆமாம் என்றாள்.

ஏன் அவ்வளவு கேட்டேன் என்றால், அந்த உரத்தை நான் கையால் அள்ளிப் போட்டவள். பத்து காவானில் தோட்டம் இருந்த காலத்தில் எனக்குப் பாஜா போடுகிற வேலை, பாஜா என்றால் உரம். வாளியில் அள்ளி, செம்பனை மரத்தைச் சுற்றி வட்டமாக வீசிக்கொண்டே போக வேண்டும். அந்த இடத்தில் இப்போது தொழிற்சாலைகள் நிற்கின்றன. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, முதுகு வலிதான் மிச்சம். ஒருநாள் சாப்பிடும்போது பிள்ளை கேட்டாள், “பெரியம்மா, நீங்க போட்ட பாஜாவுல மரம் எவ்வளவு குடிச்சிருக்கும்னு நினைக்கிறீங்க?”

எல்லாவற்றையும் குடித்திருக்கும் என்றேன். அவள் இல்லை என்று தலையாட்டினாள். நெல் வயலில் போடுவதிலும் பாதிக்கு மேல் பயிருக்குப் போய்ச் சேர்வதில்லையாம். மழையில் கரைந்து வாய்க்காலுக்கும் கடலுக்கும் போகிறது, கொஞ்சம் காற்றுக்கே திரும்பிவிடுகிறது. அவள் சொன்னதும் எங்கள் தோட்டத்துக் கால்வாய் எனக்கு ஞாபகம் வந்தது. பாஜா போட்டு மழை பெய்தால் அடுத்த வாரம் தண்ணீரே தெரியாது, அப்படிப் பாசி மூடிக் கிடக்கும். நாங்கள் வெட்டி வெட்டிப் போடுவோம். மரத்துக்குப் போட்டதைப் பாசி தின்றிருக்கிறது என்று அன்று யாருக்கும் தெரியவில்லை.

அவள் வேலை இதுதான். கொஞ்சமாக உரம் போட்டாலும் அதை விடாமல் பிடித்துக்கொள்கிற நெல் வேண்டும். வேரில் நுண்ணிய வாசல்கள் இருக்கின்றனவாம். அந்த வழியாகத்தான் உரம் உள்ளே போகும். வேறொரு நெல் இனத்துக்கு அந்த வாசல் நன்றாகத் திறக்கும். அந்த வாசலை எப்படிக் கட்டுவது என்கிற குறிப்பு அதன் உயிருக்குள்ளேயே எழுதியிருக்கிறது. இவள் அந்தக் குறிப்பை மட்டும் எடுத்து நம் நெல்லுக்குள் வைக்கிறாள். எப்படி வைப்பாய், ஊசியாலா என்று கேட்டேன். மண்ணில் ஒரு கிருமி இருக்கிறது, செடிக்குள் புகுந்து தன் சரக்கை இறக்கிவிட்டு வருவது அதற்குப் பழக்கம், அதன் சரக்கை எடுத்துவிட்டு எங்கள் சரக்கை ஏற்றி அனுப்புகிறோம் என்றாள். கிருமியை லோரி மாதிரி ஓட்டுகிறார்கள். அன்று நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இந்த ஆராய்ச்சியில் ஏற்கனவே ஒரு தடவை பயிர் செத்துப்போயிருந்தது. தண்ணீர் மோட்டார் நின்றுபோய், இரண்டு நாள் விடுமுறையில் யாரும் கவனிக்கவில்லை. அந்தச் செய்தி கேட்டதிலிருந்து தங்கைக்கு ஒரே நினைப்பு, பிள்ளைக்குக் கண் பட்டுவிட்டது என்று. எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டாள், கோயிலில் அர்ச்சனை செய்தாள். பிள்ளை சிரித்துக்கொண்டே திருநீறு பூசிக்கொள்வாள்.

இரண்டாவது பயிர் நன்றாக வந்தபோது, பேராசிரியரிடம் அனுமதி வாங்கி எங்கள் இரண்டு பேரையும் ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். கண்ணாடிக் கொட்டகை. ஒரு கதவு சாத்திய பிறகுதான் அடுத்த கதவு திறக்கும். கைப்பையை வெளியே வைத்துவிட்டு வெள்ளை அங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். செருப்புக்கு மேல் உறை. உள்ளே இருக்கும் ஒரு விதைகூட வெளியே போகக்கூடாது, மகரந்தம்கூடப் போகக்கூடாது என்று சட்டமாம். நான் மூச்சைக்கூடக் கொஞ்சமாகத்தான் விட்டேன்.

உள்ளே மண்ணே இல்லை. கழுவிய மணலில் நெல் நின்றது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய தொட்டிகள், அவற்றிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இடது தொட்டித் தண்ணீரில் நிறைய உரம், வலது தொட்டியில் பேருக்குக் கொஞ்சம். இரண்டு பக்கமும் இரண்டு வகைப் பயிர் கலந்து நின்றது. வெள்ளை அட்டை கட்டியது சாதாரண நெல், நீல அட்டை கட்டியது இவளுடைய நெல். வலது பக்கத்தில் அடி இலைகள் அப்போதுதான் வெளிற ஆரம்பித்திருந்தன.

“இனிமேதான் பெரியம்மா தெரியும்,” என்றாள். “வெள்ளை அட்டை மஞ்சளாகணும். நீலம் பச்சையா நிக்கணும். அப்படி நின்னாதான் நாலு வருஷம் நான் செஞ்ச வேலைக்கு அர்த்தம். ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சுன்னா, ஒண்ணும் இல்ல.”

தங்கை வலது பக்கப் பயிரைப் பார்த்து உருகிவிட்டாள். “பாவம்டி. வளர்ற பயிரை இப்படிப் பட்டினி போடலாமா?”

“அம்மா, அதாம்மா டெஸ்ட்டே.”

அந்த நேரத்தில் பேராசிரியர் உள்ளே வந்தார். மலாய்க்காரப் பெண்மணி, முக்காடு போட்டு, நல்ல உயரம். என்னை மாக்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிட்டு, தோட்டத்தில் வேலை பார்த்தீர்களாமே என்று மலாயில் விசாரித்தார். எனக்கு மலாய் நன்றாகத் தெரியும், ஆனால் பதில் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தோளைத் தொட்டுச் சிரித்துவிட்டு, பிள்ளையை அடுத்த அறைக்கு ஏதோ விளக்கைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு மூலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நெல் வளர்ந்துகொண்டிருந்தது, வேர் பக்கவாட்டில் தெரியும்படி. நான் அதன் முன்னால் குந்திவிட்டேன். வெள்ளை வெளேரென்று, தலைமுடியைவிட மெல்லிய வேர்கள், ஒன்றிலிருந்து நூறாகப் பிரிந்து இறங்கியிருந்தன. இத்தனை வருஷம் சோறு தின்கிறேன், நெல்லின் வேரை அன்றுதான் பார்த்தேன். அவர்கள் திரும்பி வரும்வரை எழுந்திருக்கவில்லை.

பத்து நாள் இருக்கும். பிள்ளை வேலையிலிருந்து வந்து சாப்பிடாமல் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாளும் அப்படியே. மைலோ கலக்கிக்கொண்டுபோய்க் கட்டில் ஓரத்தில் வைத்தபோது சொன்னாள். வலது பக்கத்தில் வெள்ளை அட்டைப் பயிரெல்லாம் பச்சையாகிவிட்டது. இவள் நெல்லும் பச்சை, சாதாரண நெல்லும் பச்சை. மோட்டாரைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், தான் கலந்த உரக் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். எதிலும் தப்பு இல்லை. “ரெண்டும் ஒண்ணுதான் பெரியம்மா. நான் வெச்ச வாசல் திறக்கவே இல்ல. திங்கக்கிழமை மீட்டிங்ல எழுந்து நின்னு அதைத்தான் சொல்லணும்.”

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் காலை அமுக்கிவிட்டேன்.

அன்று பொழுது சாயும் நேரம் தங்கை போன் செய்தாள். பிள்ளை சாப்பிடவில்லை என்று சொன்னேன். ஏன் என்றாள். பயிரெல்லாம் பச்சையாகிவிட்டதாம், அதுதான் என்றேன்.

அந்தப் பக்கம் ஒரே சந்தோஷம். “பச்சையாயிடுச்சா அக்கா? எனக்குத் தெரியும்லா. நான் அன்னிக்கே நினைச்சேன்.”

என்ன நினைத்தாய் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். கொட்டகைக்கு வந்த அன்று காலையில் மாடு வைத்திருக்கும் வீட்டில் கோமியம் வாங்கி, சின்னப் போத்தலில் ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். கைப்பையைத்தானே வெளியே வைக்கச் சொன்னார்கள், போத்தல் அங்கிப் பையில் இருந்திருக்கிறது. நான் வேர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், கண் பட்ட தோஷம் போகட்டும் என்று நாலு மூலையிலும் தெளித்திருக்கிறாள். புது வீட்டில் தெளிக்கிறோம் இல்லையா, அதே மாதிரி. மிச்சம் இருந்ததை, பாவம் பட்டினி கிடக்கிறதே என்று வலது பக்கத் தொட்டியில் ஊற்றிவிட்டாள்.

எனக்கு ஆராய்ச்சி தெரியாது. ஆனால் உரம் இல்லாத தொட்டியில் எதையோ ஊற்றியிருக்கிறாள் என்பது புரிந்தது. தங்கையை அப்படியே இருக்கச் சொல்லிவிட்டு, போனைக் கையில் பிடித்தபடி பிள்ளையின் அறைக் கதவைத் தட்டினேன். உன் அம்மா அந்தத் தொட்டியில் கோமியம் ஊற்றினாளாம் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். “எவ்வளவு?” என்று மட்டும் கேட்டாள்.

நான் போனை நீட்டினேன். “எவ்வளவும்மா ஊத்துன?”

“அரைப் போத்தல் இருக்கும். ஏன்டி, இன்னும் வேணுமா?”

பிள்ளை போனைக் கட்டிலில் வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பக்கத்தில் போனால், சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீரும் வருகிறது. போனில் தங்கை ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தாள். பிறகு பிள்ளை எனக்கு விளக்கினாள். மாட்டு மூத்திரத்தில் இருப்பது யூரியா. உர மூட்டையில் இருப்பதும் அதே யூரியாதான். அவள் குண்டூசி முனை அளவு பார்த்துப் பார்த்துக் கலந்த தொட்டியில், அவள் அம்மா விருந்து வைத்துவிட்டாள். சாதாரண நெல் பச்சையானதில் ஆச்சரியமே இல்லை.

அதோடு விடவில்லை அவள். கணினியைத் திறந்தாள். ஒவ்வொரு நாளும் காலையில் எல்லாப் பயிரையும் படம் எடுத்து வைத்திருக்கிறாள். நாங்கள் போன சனிக்கிழமையிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நிறுத்தினாள். நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே விரலை வைத்துக் காட்டினாள். நீல அட்டைப் பயிரில் பச்சை திரும்பியிருந்தது. வெள்ளை அட்டை அன்று இன்னும் வெளிறித்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்த படத்தில்தான் அதற்கும் பச்சை வந்தது. ஒரே தொட்டி, ஒரே தண்ணீர். அவளுடைய நெல் முந்திக்கொண்டு குடித்திருக்கிறது.

அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கை மயிர் சிலிர்த்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வாசல், கிருமி கொண்டுபோய் வைத்த வாசல், என் பிள்ளை ஓட்டி அனுப்பிய கிருமி. அது திறந்திருந்தது.

பிள்ளை நடந்ததைச் சொன்னதும், திங்கட்கிழமை தங்கையும் வர வேண்டும் என்று பேராசிரியர் சொல்லி அனுப்பினார். தங்கைக்கு அதற்குள் விஷயம் புரிந்து ஒரே பயம். போலீசில் பிடித்துக் கொடுப்பார்களா என்று பாலம் முழுவதும் பிள்ளையிடம் போனில் கேட்டுக்கொண்டே வந்தாளாம். துணைக்கு நானும் போனேன். பேராசிரியர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு தலையை நிமிர்த்தி, மாடு என்ன சாப்பிடுகிற மாடு என்று கேட்டார். தங்கை பயந்துபோய், புல்லும் தவிடும், நல்ல மாடு என்றாள். பேராசிரியர் அதற்குமேல் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

சிரித்தாலும் விஷயம் விளையாட்டில்லை. என்ன ஊற்றினோம் என்று அளவு தெரியாத பயிரை ஆராய்ச்சியில் சேர்க்க முடியாது, அந்தப் படமும் சாட்சி ஆகாது என்று சொல்லிவிட்டார். அத்தனை பயிரையும் பிடுங்கி நீராவி இயந்திரத்தில் வேகவைத்து அழிக்க வேண்டும். ஒரு செடியாவது வீட்டுக்குத் தருவீர்களா என்று தங்கை கேட்க, பிள்ளை அவள் கையைக் கிள்ளினாள். இனி இருப்பது ஒரு நடவுக்கு மட்டுமான விதை. கொட்டகையில் இவளுடைய இடமும் அந்த ஒரு பருவத்துக்குத்தான், அடுத்து வேறொரு மாணவர் காத்திருக்கிறார். இந்தத் தடவை வித்தியாசம் தெரியாவிட்டால் அவ்வளவுதான். பேராசிரியர் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டார்.

பிள்ளை மறுபடி விதைத்தாள்.

அந்த மாதங்களில் தங்கையைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும். கொட்டகைப் பக்கமே போகமாட்டேன் என்று சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள். சாயங்காலம் ஆனால் எனக்குப் போன் வரும். முன்பெல்லாம் பயிர் பச்சையா இருக்கா என்பாள். இப்போது, “அக்கா, மஞ்சளாயிடுச்சா?” என்று கேட்பாள். இன்னும் இல்லை என்றால் பெருமூச்சு. கோயிலில் ஐயரிடம் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்து, ஒரு பயிர் சீக்கிரம் மஞ்சளாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டாளாம். அவர் எந்தப் பயிர் என்று கேட்டாராம். சாதாரண பயிர்தான் சாமி, எங்க பயிர் மட்டும் பச்சையா நிக்கணும் என்றாளாம். அவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இவளையே பார்த்தாராம். யாருடைய வயலையோ கெடுக்கச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார் போல. அவரிடம் வேர், வாசல், கிருமி என்று இவள் விளக்கப் போய், வரிசையில் பின்னால் நின்றவர்கள் எல்லாம் நெருங்கி வந்து கேட்டிருக்கிறார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளை வேலையிலிருந்து போன் செய்தாள். வாங்க, அம்மாவையும் வரச்சொல்லுங்க என்றாள். குரலில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நாங்கள் உள்ளே போகவில்லை, வெளியே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றோம். தங்கை கைப்பையைக் காரிலேயே விட்டுவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். யாரும் அவளை அப்படி நிற்கச் சொல்லவில்லை.

வலது பக்கத்தில் வெள்ளை அட்டைப் பயிர் மஞ்சளாகியிருந்தது. அடி இலை நுனியிலிருந்து காய்ந்து, மேலே வரவர வெளிறி, தூர் குறைந்து ஒடுங்கி நின்றது. அதற்குப் பக்கத்திலேயே, முழங்கை தூரம்கூட இல்லை, நீல அட்டைப் பயிரில் ஒரு வரிசை கரும்பச்சையாக நின்றது. அதே மணல், அதே தண்ணீர், அதே கொஞ்சச் சாப்பாடு. பிள்ளை உள்ளேயிருந்து கையால் காட்டினாள். அவளுடைய நெல்லில், தனித்தனியாகக் குறிப்பு வைத்து உண்டான மூன்று குடும்பம் இருந்தது. ஒரு குடும்பம் சாதாரண நெல்லைப்போலவே மஞ்சளாகிவிட்டது. இன்னொன்று நடுவாந்தரம். மூன்றாவது குடும்பம்தான் அப்படி நின்றது. குறிப்பு உயிருக்குள் எந்த இடத்தில் போய் உட்கார்கிறதோ அதைப் பொறுத்து மாறுமாம். அதை இவர்களால் இன்னும் சரியாகச் சொல்ல முடியவில்லை என்று பிறகு சொன்னாள். அவ்வளவு செய்யத் தெரிந்தவர்களுக்கும் தெரியாத இடம் ஒன்று உள்ளே இருக்கிறது என்று கேட்டபோது, எனக்கு ஆச்சரியம் கூடியதே தவிரக் குறையவில்லை.

தங்கை கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் பயிரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்தான். ஆனால் கண் வெள்ளை அட்டைக்கே போய்ப் போய் வந்தது. “அதுக்குப் பசிக்குதுல்ல அக்கா,” என்றாள் மெதுவாக.

பேராசிரியர் எங்கள் பக்கத்தில் வந்து நின்று, எப்படி இருக்கிறது மாக்சிக் என்று கேட்டார். நான் வழக்கம்போலத் தரையைப் பார்க்கவில்லை. பயிரிலிருந்து கண்ணை எடுக்க முடியாததால்தான் பேச்சு வந்தது போலிருக்கிறது. கொஞ்சம் கொடுத்தாலும் சிந்தாமல் சாப்பிடுகிறது என்று மலாயில் சொன்னேன். அவர், ஆமாம், அதேதான் என்றார்.

பச்சை இலை மட்டும் போதாது, மணி பிடிக்க வேண்டும் என்று பிள்ளை சொல்லிக்கொண்டே இருந்தாள். கதிர் வந்தது. மூன்றாவது குடும்பம் அந்தப் பட்டினித் தண்ணீரிலேயே மணி கட்டியது. நிறைய உரம் குடித்த இடது பக்கத்தின் அளவுக்கு இல்லை, ஆனால் பக்கத்தில் நின்ற மஞ்சள் பயிரைவிட நன்றாகவே கனத்தது. பருவம் முடிவதற்குள் அறுத்து, உலர்த்தி, எடை போட்டு முடித்தாள். கடைசியாக எடை பார்த்த அன்று வீட்டுக்கு வந்தவள் சோறு போட்டுத் தரச் சொல்லி, இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு முடிவு தெரிந்தது. இது வயலுக்கு வர இன்னும் பல வருஷம் ஆகுமாம், வராமலும் போகலாமாம். கொட்டகையில் நன்றாக இருப்பது மழையிலும் வெயிலிலும் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதையும் அவளே சொன்னாள், வாயில் சோற்றை வைத்துக்கொண்டே.

நான் எழுதியதில் வேரைப் பற்றியும், அந்தக் கிருமியைப் பற்றியும், உரத்தில் எவ்வளவு வீணாகிறது என்பதைப் பற்றியும் தப்பு இருக்கலாம். கேட்டது எனக்குப் புரிந்த மட்டில்தான் எழுதியிருக்கிறேன். பிள்ளையிடம் காட்ட வெட்கமாக இருக்கிறது. இது தெரிந்தவர்கள் யாராவது ஒருமுறை பார்த்து, பிழை இருந்தால் திருத்திவிடுங்கள். பச்சை திரும்பியதில் இரண்டு நாள் வித்தியாசம் என்று எழுதியிருக்கிறேன். அது மூன்று நாளாகவும் இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.